குகை மண்ணில் வரலாறு கண்டவர்
பி. ஈ. பி. தெரணியகல

வரலாறு என்றவுடன் மன்னர் நிரலை ஒப்பித்தலே கல்வி என்று கருதும் வழக்கம் நம்மிடை நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கோட்டை எடுத்தவனை அறிவோம். குளம் தொட்டவனை அறிவோம். படை நடத்தி வென்றவனையும் தோற்றவனையும் ஆண்டுக் கணக்கோடு அறிவோம். ஆயின், அக்கோட்டைகளுக்கும் குளங்களுக்கும் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், இம்மலைகளிற் குளிரால் நடுங்கிய மனிதன் தன் உடலை எதனால் மறைத்தான், மறைத்ததை எதனால் இணைத்தான் என்று கேட்பார் அரியர். எழுத்தில்லாத காலத்து மனிதன் தன் வாழ்க்கையை ஓலையில் எழுதி வைத்திலன். அவன் தீட்டிய எலும்பு முனையும், உடைத்தெறிந்த கல்லும், உண்டு கழித்த நத்தை ஓடுமே அவன் விட்டுச் சென்ற ஏடுகள். அவ்வேடுகளைப் படிக்கக் கற்று, நமக்கும் கற்பித்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் கொழும்பு நூதனசாலைத் தலைவராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல ஆவார்.

பலாங்கொடை மனிதன் என்னும் தொடரை அறியாத மாணவர் இலங்கையில் இலர். அத்தொடரை வழங்கியவரின் வாழ்க்கையை அறிந்த மாணவர் சிலரே. பதுளைப் பகுதியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அவர் வரலாற்றை எழுத ஒரு தனிக் காரணமும் உண்டு. நம் ஊவா மலையின் குகை ஒன்றும் அவர் கையால் அகழப்பட்டதாகும். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

தெரணியகல 1900ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் சேர் போல் ஈ. பீரிஸ், நீதிபதியாயும் வரலாற்றாசிரியராயும் புகழ் பெற்றவர். போர்த்துக்கீசர் ஆண்ட காலத்து இலங்கையைப் பற்றி விரிவாக எழுதியவர். அவர் யாழ்ப்பாணத்தில் நீதிபதியாய் இருந்தபோது, 1917ஆம் ஆண்டை ஒட்டிக் கந்தரோடையில் ஆராய்ச்சி செய்து, அவ்வூரின் பழமையை உலகறியச் செய்தார் என்பதைத் தமிழர் நன்றியோடு நினைத்தல் வேண்டும். வழக்கு மன்றத்தில் சாட்சியங்களை நிறுத்துப் பார்த்த அறிவே மண்ணிற் கிடைத்த பொருள்களையும் நிறுத்துப் பார்த்தது போலும். அவ்வீட்டிற் பிறந்த மக்கள் பல துறையினும் ஓங்கினர். தெரணியகலவின் இளவல் ஜஸ்டின் ஓவியக் கலையில் புதுநெறி கண்டவர். 43 குழு எனப்படும் ஓவியர் கூட்டத்தைச் சேர்ந்தவர். மூத்தவராகிய நம் அறிஞர் உயிரியலை நாடினார். கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் பயின்று தாயகம் மீண்டு, கொழும்பு நூதனசாலைப் பணியிற் புகுந்தார்.

அந்நூதனசாலை 1877ஆம் ஆண்டில் தேசாதிபதி வில்லியம் கிரெகரி காலத்தில் நிறுவப்பட்டது. தெரணியகல அதன் தலைமையை 1939ஆம் ஆண்டில் ஏற்று 1963 வரை வகித்தார். நடுவே, 1942ஆம் ஆண்டில், கண்டி நூதனசாலையும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறத்தாழக் கால் நூற்றாண்டுத் தலைமை அது. ஆயினும் அவர் நாற்காலியில் அமர்ந்து கோப்புக்களிற் கையொப்பமிடுவதோடு நின்றவர் அல்லர். மீன், ஆமை, முதலை, பாம்பு, யானை என இந்நாட்டு உயிரினங்களை ஒவ்வொன்றாக எடுத்து அளந்து, வரைந்து, விளக்கினார். ஆமைகளையும் முதலைகளையும் பற்றிய அவருடைய பெருநூல் 1939ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கடலாமைகளை ஆராயும் அறிஞர் இன்றும் அவர் பெயரைக் குறிப்பிடாது செல்வதில்லை.

உயிருள்ளவற்றை ஆராய்ந்தவர் உயிர் நீத்த பழையனவற்றை ஆராயப் புகுந்தது இரத்தினபுரியில். அங்கு மாணிக்கக்கல் தேடிக் குழி தோண்டுவோர், கல்லோடு கலந்து வரும் பழைய எலும்புகளையும் பற்களையும் பயனற்றவை என்று ஒதுக்குவர். தெரணியகலவுக்கு அவையே மாணிக்கம் ஆயின. இன்று இந்நாட்டில் இல்லாத காண்டாமிருகமும் நீர்யானையும் சிங்கமும் முன்னொரு காலத்தில் இங்கு உலவின என்பதை அக்குழிகளிலிருந்து அவர் நிறுவினார். சிங்கத்துக்குச் சான்றாக அவர் கொண்டவை குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களே என்றால், அவர் கண் எத்துணைச் சிறு பொருளையும் விட்டதில்லை என்பது விளங்கும். அவ்விலங்குகளோடு வாழ்ந்த மனிதன் எங்கே என்னும் வினா அவர் உள்ளத்தில் எழுந்தது இயல்பே. அவ்வினாவே அவரைக் குகைகளுக்கு ஈர்த்தது.

அவருக்கு முன்னரும் இத்துறையில் உழைத்தோர் இருந்தனர். முதலடி வைக்கப்பட்ட இடங்களுள் நம் ஊவாவும் ஒன்று. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரினரும் உறவினருமாகிய போல் சராசின், பிரிட்ஸ் சராசின் என்னும் இருவர் 1907ஆம் ஆண்டில் ஊவாவைச் சேர்ந்த நில்கலைக் குகையை அகழ்ந்து, வெண்படிகக் கல்லாலும் எலும்பாலும் ஆன கருவிகளைக் கண்டு, மறு ஆண்டில் இலங்கையின் கற்காலம் பற்றி ஜெர்மன் மொழியில் நூல் வெளியிட்டனர். ஹார்ட்லி என்பார் 1913ஆம் ஆண்டில் பண்டாரவளைக் குன்றொன்றில் நுண்ணிய கற்கருவிகளைத் திரட்டினார். இவர்கள் உழைப்பு பெரிது. ஆயினும் சராசின் உறவினர் வேடர்தம் முன்னோர் எலும்புகளையும் தம் நாட்டுக்குக் கொண்டு சென்று, மண்டையோட்டின் அளவு கொண்டு மக்களை மேல், கீழ் என்று தரம் பிரிக்க முயன்றனர். அம்முறை தவறானது என்று அறிவுலகம் பின்னர்த் தள்ளிவிட்டது. அவர்கள் எடுத்த அளவுகள் இன்று பயன்படாமற் போயின. கண்ட கருவிகளோ இன்றும் சான்றாய் நிற்கின்றன.

பண்டாரவளைக் குன்றுகளிற் கல் மிகுதியாகக் கிடைக்க, எலும்பு மட்டும் ஏன் குகைகளிலே கிடைக்கின்றது என்று மாணவர் வினவுவர். நம் மலைநாட்டு மண் புளிப்புத் தன்மை உடையது, மழையும் மிகுதி. திறந்த வெளியிற் கிடந்த எலும்பு அம்மண்ணிற் கரைந்து போகும். குகையின் கூரை மழையைத் தடுக்கும். அங்கு வாழ்ந்தோர் உண்டு எறிந்த நத்தை ஓடுகள் சுண்ணாம்பாகி மண்ணின் புளிப்பை மாற்றும்; அடுப்புச் சாம்பலும் அதற்குத் துணை செய்யும். ஆகவே, அம்மக்கள் கழிவென்று எறிந்த குப்பையே அவர்தம் கருவிகளைக் காத்துத் தந்தது எனல் வேண்டும். செல்லரித்த ஏடுகளுக்கிடையே தமிழின் செல்வத்தைத் தேடிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையின் உழைப்பை அறிந்த நமக்கு, குப்பையினுள் வரலாற்றைத் தேடிய இவ்வறிஞரின் உழைப்பு அந்நியமாகத் தோன்றாது.

1930களின் பிற்பகுதியில் தெரணியகல குருவிட்டவுக்கு அணித்தாகச் சிவனொளிபாத மலையின் அடிவாரக் காட்டிலுள்ள பட்டதொம்பலென என்னும் குகையை அகழ்ந்தார். மனித எலும்புகள், நுண் கற்கருவிகள், எலும்பாலான கூர்முனைகள், நத்தை ஓடுகள், விலங்கெலும்புகள் ஆகியவை அங்கு வெளிப்பட்டன. பலாங்கொடைப் பகுதியில் இத்தகைய எச்சங்கள் கிடைத்தமையால், இக்கருவிகளை வழங்கிய மக்களின் வாழ்க்கை முறைக்குப் பலாங்கொடைப் பண்பாடு என்று அவர் பெயரிட்டார். அவற்றைப் பற்றிய குறிப்புக்களை நூதனசாலையின் ஏடாகிய ஸ்பொலியா செய்லனிக்காவில் 1943ஆம் ஆண்டு தொடங்கித் தொடர்ந்து வெளியிட்டு வந்தார்.

எலும்பு முனை என்று இரண்டு சொல்லாற் கூறிவிடுகிறோம். அதனை ஆக்கிய திறனைச் சற்று எண்ணிப் பார்த்தல் தகும். குரங்கு முதலிய மரவாழ் விலங்குகளின் கை கால் எலும்புகள் நீண்டு ஒடுங்கி, உள்ளே குழல் உடையனவாய் இருக்கும். அவற்றைப் பிளந்தால் நீண்ட சிம்புகளாகப் பிளவுபடும். அச்சிம்பை வெண்படிகக் கல்லின் கூரிய விளிம்பாற் சீவி, சொரசொரப்பான கல்லில் தேய்த்துத் தேய்த்து, ஒரு முனையோ இரு முனையோ கூராக்குவர். விரல் நீளமும் இல்லாத அப்பொருள் அம்பின் முனையாகலாம். தோலைத் துளைக்கும் குத்தூசியும் ஆகலாம். இரண்டையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? இலக்கில் மோதிய அம்பு முனை நுனி சிதைந்து உடைந்திருக்கும். தோலையும் நாரையும் பன்முறை துளைத்த முனையோ மழுங்கி, வழுவழுப்பேறி, பளபளக்கும். ஒரு சொல்லின் பொருளை அது வழங்கும் இடம் காட்டுவது போல, ஒரு கருவியின் தொழிலை அதன் தேய்மானம் காட்டும். அக்கருவியைப் பிடித்தது ஆண் கையோ பெண் கையோ என்பதை மட்டும் எலும்பு சொல்லாது.

இனி, நம் ஊவாவுக்கு வருவோம். எல்லவுக்கு அண்மையில் வீழும் அருவியையும் அதன் மேலுள்ள குகையையும் இராவணன் பெயரால் வழங்குகிறோம். சீதையை அவன் இங்கு மறைத்து வைத்தான் என்பது செவிவழிக் கதை. 1945ஆம் ஆண்டில், உலகப் போர் ஓய்ந்த அதே ஆண்டில், தெரணியகல அக்குகையை ஆராய்ந்தார். மண்ணினுள் அவர் கண்டவை கற்கால மக்களின் எச்சங்களும் அவர்தம் கருவிகளுமே. காவியத்துக்கும் அகழ்வுக்கும் இதனால் பகை உண்டென்று கொள்ளல் வேண்டா. இராமகதை கம்பன் வாயிலாக நம் நெஞ்சில் வாழ்வது. அதற்குக் குகையின் சான்று வேண்டுவதில்லை. குகை மக்களோ எந்தக் காவியத்திலும் இடம் பெறாதவர்கள். அவர்களுக்கு மண் ஒன்றே சான்று. அருவியைக் காண ஆயிரமாயிரம் பேர் வருகின்றனர். இராவணன் கதையைக் கேட்டு மகிழ்கின்றனர். 1945ஆம் ஆண்டைப் பற்றி ஒரு சொல்லும் கேளாது திரும்புகின்றனர். கதை சொல்லும் ஆசிரியர் இதனையும் சேர்த்துச் சொல்லுதல் கடன் என்பது என் கருத்து.

1956ஆம் ஆண்டு முதல் பெல்லன்பந்தி பலஸ்ஸ என்னும் இடத்தில் அவர் நடத்திய அகழ்வு அவருடைய ஆராய்ச்சியின் முடிமணி ஆயிற்று. அது குகையன்று, திறந்த வெளி வாழ்விடம். அங்கு அடக்கம் செய்யப்பட்டிருந்த மனிதர் பலருடைய எலும்புகள் கிடைத்தன. உடன் கற்கருவிகளும், எலும்பிலும் மான் கொம்பிலும் ஆன கருவிகளும் கிடைத்தன. அம்மனித எலும்புகளை அமெரிக்க அறிஞர் கென்னத் கென்னடி விரிவாக ஆராய்ந்து 1965ஆம் ஆண்டில் தம் முடிபுகளை வெளியிட்டார். தெரணியகல தாம் கண்ட அனைத்தையும் திரட்டி, இலங்கையின் பழைய ஊழி பற்றிய பெருநூலை 1958ஆம் ஆண்டிலேயே வெளியிட்டிருந்தார். எழுபது வயதைக் கடந்து வாழ்ந்து, 1970களில் அவர் மறைந்தார்.

ஒருவர் வாழ்க்கையை எழுதுங்கால் குணத்தோடு குறையையும் நாடுதல் நடுநிலை. தெரணியகல பெயர் சூட்டுவதில் வேட்கை மிக்கவர். சிறு வேறுபாடு கண்டவிடத்தும் புதிய இனம் என்று பெயரிட்டார். பலாங்கொடை மனிதனையும் மனித இனத்தின் தனிக் கிளை என்று கொண்டு அறிவியற் பெயர் சூட்டினார். பின்வந்த அறிஞர் அதனை ஏற்றிலர். அம்மனிதர் நம்மைப் போன்ற மனிதரே என்பது இன்று துணிந்த முடிபு. அவர் சூட்டிய விலங்குப் பெயர்களுள்ளும் பல நிலைபெறவில்லை. ஆயின், பெயர் உதிர்ந்த பின்னும் பொருள் நின்றது. கிடைத்ததை வரைந்தும் வெளியிட்டும் நூதனசாலையிற் காத்தும் வைத்தமையால், அவர் கொள்கையை மறுத்தவர்களும் அவர் தேடித் தந்த சான்றையே ஆராய நேர்ந்தது. தன்னை மறுப்பதற்கு வேண்டிய சான்றையும் தானே சேர்த்து வைத்துச் செல்வதினும் சிறந்த நேர்மை ஆராய்ச்சி உலகில் உண்டோ?

அவர் தொடங்கியதை வளர்த்தவர் அவர் மைந்தர். சிரான் தெரணியகல (1942–2021) தொல்லியல் திணைக்களத்தின் தலைமையை வகித்தவர். தந்தையார் அகழ்ந்த பட்டதொம்பலெனவை மீண்டும் அகழ்ந்து, காலக்கணிப்பு முறைகளால் அதன் தொன்மையை அளந்தார். இலங்கையின் வரலாற்றுக்கு முந்திய காலம் பற்றிய அவருடைய பெருநூல் 1992ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஐரோப்பாவில் நுண் கற்கருவிகள் பரவலாக வழங்குவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவை இலங்கையில் வழங்கின என்பது அவர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. பட்டதொம்பலெனவில் மனிதர் ஏறத்தாழ 36,000 ஆண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்தனர் என்று 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பாட்டன் காலத்தில் கந்தரோடை, தந்தை காலத்தில் குகைகள், மைந்தன் காலத்தில் காலக்கணிப்பு என மூன்று தலைமுறை ஒரு குடி மண்ணைப் படித்தது.

களுத்துறை மாவட்டத்திலுள்ள பாகியன்கலைக் குகையின் எலும்புக் கருவிகளைப் பற்றி 2020ஆம் ஆண்டில் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று வெளியிட்ட ஆய்வு உலகையே வியக்க வைத்தது. ஏறத்தாழ 48,000 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் வில்லும் அம்பும் வழங்கினர் என்பதற்கு அவ்வெலும்பு முனைகள் சான்றாயின. ஆப்பிரிக்காவுக்கு வெளியே இதனினும் பழைய சான்று அப்போது அறியப்பட்டிருக்கவில்லை. அம்பு முனைகளோடு, தோலையும் நாரையும் பதப்படுத்தப் பயன்பட்ட எலும்புக் கருவிகளும் அங்கு இருந்தன. அவற்றால் ஆடையோ வலையோ செய்திருக்கலாம் என்பர் ஆய்வாளர். கடற்சிப்பி மணிகளும் அக்குகையிற் கிடைத்தன. மழைக்காட்டில் வாழ்ந்தவன் கடற்கரையோடு தொடர்புடையவன் என்பதற்கு அவை சான்று. உடுத்தான், அணிந்தான், நெடுந்தொலைவுப் பொருளை விரும்பிப் பெற்றான் என்றால், அவனைக் காட்டுமிராண்டி என்று இனி எவ்வாறு கூறுவது?

இதனை உலக வரலாற்றோடு ஒப்பு நோக்குதல் நன்று. சைபீரியாவின் பனி நிலத்தில் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னரே காதுடைய எலும்பூசி வழங்கியது. அங்குக் குளிர் மனிதனைத் தைக்க வைத்தது. இங்கோ குளிர் அத்துணைக் கொடிதன்று. பூச்சிக்கடிக்கு அஞ்சியும் உடலை மறைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. உலோகம் வந்த பின்னும் எலும்பு ஒதுங்கிவிடவில்லை. தமிழ்நாட்டிற் கீழடியில் தக்களிகளோடு கூர்மையான எலும்பு முனைகளும் கிடைத்துள்ளன. அவை நெசவுத் தொழிலுக்குப் பயன்பட்டவை என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் கூறுகின்றது. இரும்பைக் காய்ச்சி அடிக்கத் தெரிந்த காலத்திலும் நூலிழையைப் பதமாகத் தள்ளுவதற்கு எலும்பின் வழுவழுப்பு வேண்டியிருந்தது போலும். நம் தோட்டங்களிற் கொழுந்து பறிக்கும் தாய்மார் இடுப்பிற் கட்டும் படங்கைத் தைக்கும் ஊசி, அந்நீண்ட குடிவழியில் வந்த கடைசிப் பேத்தி எனலாம்.

படங்கைக் கூறியமையால் ஒன்றைச் சொல்லாது விடுதல் இயலாது. தெரணியகல நூதனசாலைத் தலைவராய் இருந்து இந்நாட்டின் முதல் மக்களை மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்த அதே காலத்தில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழ் மக்கள் பெருந்தொகையினர் நாடற்றவர் ஆயினர். தந்தையும் பாட்டனும் இங்குப் பிறந்தமைக்கு ஏடு காட்டுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். அத்துயர் தீரப் பல ஒப்பந்தங்களும் சட்டங்களும் வேண்டியிருந்தன. 2003ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை வழங்கியது. இம்மண்ணிற்கு முதலில் வந்தவர் யார் என்று இன்றும் சிலர் வழக்காடுகின்றனர். குகையிற் கிடைத்த எலும்பு முனையை எடுத்துப் பாருங்கள். அதில் தமிழும் இல்லை; சிங்களமும் இல்லை. நாம் இன்று பேசும் மொழிகள் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது அது. அதன் முன் நாம் அனைவரும் பின்வந்தவர்களே. முதன்மையால் உரிமை வருமாயின் அவ்வுரிமை நம்முள் எவர்க்கும் இல்லை. உழைப்பால் உரிமை வருமாயின், இம்மலைகளைத் திருத்தி வளமாக்கிய கைகளுக்கு அது மறுக்கப்படுதல் தகாது.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஊவாவின் பத்தனாப் புல்வெளிகளிலும் தேயிலைக் காடுகளிலும் வெண்படிகச் சில்லுகள் இன்றும் காலில் இடறுகின்றன. ஒரு பக்கம் மட்டும் நுணுக்கமாகச் செதுக்கப்பட்ட சில்லைக் கண்டால் அதனைப் பையிலிட்டுக் கொண்டு செல்லாதீர். இடம் பெயர்ந்த கருவி, பாட்டினின்று பிடுங்கி எடுத்த சொல்லைப் போலப் பொருள் இழந்து நிற்கும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அத்தகைய பொருள்களை எடுப்பதைத் தடுக்கின்றது. கண்ட இடத்தைக் குறித்து வைத்து, தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். குகைகளுக்குச் செல்லும்போது மண்ணைக் கிளறாதீர். சுவரிற் பெயர் பொறிக்காதீர்.

தெரணியகல பேரரசர் எவருடைய கல்லறையையும் திறந்தவர் அல்லர். பொற்குவியல் எதனையும் கண்டவர் அல்லர். அவர் தேடியெடுத்த பொருள்களுட் பல உள்ளங்கையில் அடங்குவன. சந்தையில் ஒரு காசும் பெறாதன. அவற்றைக் கொண்டே இத்தீவின் மனித வரலாற்றை ஆயிரங்களிலிருந்து பல பதினாயிரம் ஆண்டுகளுக்கு நீட்டுதற்கு வழி வகுத்தார். கொழும்பு நூதனசாலைக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், அரசரின் அரியணையைக் காட்டிய பின் சற்று நேரம் ஒதுக்கி, கற்கால மக்களின் சிறு கருவிகள் உள்ள பேழைமுன்னும் அவர்களை நிறுத்துவாராக. அரியணையில் அமர்ந்தவர் ஒருவர். அச்சிறு முனைகளாற் பிழைத்தவரோ எண்ணிலர்.